கொலையாளி யாரென்று மறந்துபோயிற்று

நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் பொடியாக ஒரு ‘வ’ போட்டிருந்தது. என் எழுத்து. வத்சலாவின் வ.

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு வாடகை நூலகம் இருக்கிறது. இருபது வருடமாக நான் அங்கே உறுப்பினர். அங்கே புத்தகம் எடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு திருட்டுப் பழக்கம் உண்டு. படித்து முடித்த புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் வைத்துவிடுவோம். ஒருத்தர் பதினேழாம் பக்கத்தில் புள்ளி வைப்பார், இன்னொருத்தர் கடைசிப் பக்கத்தில் கூட்டல் குறி போடுவார். படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போய் ஏமாறக் கூடாது என்றுதான். எனக்கு நாற்பத்து மூன்றாம் பக்கம். அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு காரணமும் கிடையாது.

நான் படிப்பவை ஆங்கிலத்தில் வரும் ஒரு வகைத் துப்பறியும் நாவல்கள். எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஊர், ஒரு நூலகம், அதில் ஒரு நூலகப் பெண்மணி. ஊரில் ஒரு கொலை விழும். ரத்தம், கோரம் ஒன்றும் இருக்காது. போலீஸ் தப்பான ஆளைப் பிடிக்கும். யார் எந்தப் புத்தகத்தை என்றைக்கு எடுத்தார்கள் என்பதை வைத்தே நூலகப் பெண்மணி கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். நடுநடுவே டீயும் கேக்கும். அட்டையில் கட்டாயம் ஒரு பூனை. "அந்த ஊர்ல லைப்ரரிய இழுத்து மூடிட்டா கொலையே நடக்காதுடி" என்பார் என் கணவர் ராமநாதன். அவருக்கு இது கிண்டல். எனக்கு உயிர்.

இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் க்ளெய்ம் கோப்புகளைப் பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செம்பூர் வீட்டில் உட்கார்ந்தவள் நான். எவன் பொய் சொல்கிறான் என்று காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிருக்கு இந்தப் புத்தகங்கள் நல்ல தீனி.

அன்று என் கையில் இருந்தது புது வரவு அலமாரியிலிருந்து எடுத்த புத்தகம். புதுசுதானே என்று நாற்பத்து மூன்றைத் திருப்பிப் பார்க்காமலே எடுத்து வந்திருந்தேன். நாற்பத்திரண்டு பக்கம் ரசித்துப் படித்தேன். அப்புறம் அந்த ‘வ’. முதலில் கோபம்தான் வந்தது. யாரோ என் பக்கத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் என் வ-வுக்கு வால் கொஞ்சம் நீளம். அதை இன்னொருத்தர் போட முடியாது.

நினைவு வந்துவிடும் என்று தொடர்ந்து படித்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் புதுசாக இருந்தது. கடைசியில் பியானோ வாத்தியார்தான் கொலையாளி என்று தெரிந்தபோது "அட!" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன மறுகணம் புத்தகத்தை மூடி வைத்தேன். இதே "அட!"வை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். எப்போது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பஸ் பிடித்து நூலகத்துக்கு ஓடினேன். நூலகக்காரர் என் அட்டையை எடுத்துப் பார்த்தார். "மேடம், ஏக் மஹீனா பெஹ்லே ஹி தோ லியா தா" என்றார். ஒரு மாதம் முன்புதான் எடுத்திருந்தேனாம். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். ஆசையாக எடுத்தீர்கள், நான் குறுக்கே வருவானேன் என்று சிரித்தார்.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு, அலமாரி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான் எடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னட்டைக் குறிப்பைப் படித்து, கொலையாளி யார் என்று என்னையே கேட்டு, ஞாபகம் வந்தது வராதது என்று ஒரு தாளில் பட்டியல் போட்டேன். இரண்டு வருடம் முன்பு படித்தவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி எட்டு மாதத்தில் படித்தவற்றில் ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றிலும் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என் ‘வ’ இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்த வருடம் நாம் எங்கேயாவது வெளியூர் போனோமா என்று. "என்னடி கேள்வி இது? மஹாபலேஷ்வர்ல ஸ்ட்ராபெரியத் தின்னு தின்னு நோக்கு வயறு கெட்டுப்போச்சே!" என்றார். ஆமாமாம் என்று சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் ஃபோனில் படங்களைத் தேடினேன். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில், கையில் தட்டோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நான். என்னுடைய பழுப்புச் சால்வை. என்னுடைய பல். அந்த இடத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

என் பெரியக்கா கடைசி நான்கு வருடம், நான் போகும்போதெல்லாம், "இந்த மாமி யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் பேரைச் சொல்வேன், அவள் மரியாதையாகத் தலையை ஆட்டுவாள். எனக்கும் அதுவே வரப் போகிறது என்று அன்றைக்குக் குளியலறையில் நின்றபடி முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பயந்துபோனதை இப்போதுதான் எழுதுகிறேன்.

இதே மாதங்களில் இன்னொரு தொல்லையும் நடந்துகொண்டிருந்தது. அதை நோய் என்று நான் நினைக்கவே இல்லை. குற்றம் என்று நினைத்தேன்.

எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், அதுவரை தாராவியில் இருந்தவர்கள். கணவருக்குத் தாராவியில் ரெடிமேட் சட்டை தைக்கும் கார்கானா, அதாவது பட்டறை. மனைவி பெயர் தங்கபுஷ்பம். நாற்பது வயது இருக்கும். அவர்கள் வந்த சில வாரங்களில், விடியற்காலை ஐந்து ஐந்தரைக்குக் கண் விழிக்கும்போது எனக்கு ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. கருகலும் அழுகலும் கலந்த நாற்றம். குமட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

கருவாடு என்று தீர்மானித்தேன். வேறென்ன? தாராவியிலிருந்து வந்தவர்கள், மீன் தின்கிறவர்கள். இவ்வளவுதான் என்னுடைய துப்பறிதல். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இவர் தனக்கு ஒரு வாசனையும் வரவில்லை என்றார். "உங்க மூக்குக்கு சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாது" என்று அடக்கினேன். நாவல்களில் வரும் நூலகப் பெண்மணி மாதிரி விடியற்காலையில் எதிர்வீட்டுக் கதவருகே போய் நின்று மோந்து பார்த்தேன். மாடிப்படிக் குப்பைக்கூடையில் மீன் கடைப் பை ஒன்று கிடைத்ததும் சாட்சி கிடைத்த மாதிரி துள்ளினேன். எங்கள் கட்டடக் குடியிருப்போர் சங்கமான சொஸைட்டி கமிட்டிக்கு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். முப்பது வருடம் கோப்பு எழுதிய கை. நன்றாகவே எழுதினேன்.

கமிட்டிக் கூட்டத்தில் புஷ்பம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். "ஏழு மணிக்கு முந்தி எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கது இல்ல. இந்த மாமி பொய் சொல்லுதாக" என்றாள். நான் அசையவில்லை. பொய் சொல்கிறவர்கள் எப்போதும் எதிராளியைத்தான் பொய்யர் என்பார்கள், எத்தனை க்ளெய்ம் பார்த்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். கமிட்டி அவள் இருந்த வீட்டின் சொந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பியது.

மறதியைக் கண்டுபிடித்தது என் பெண் தீபா. நவி மும்பையில், கோபர்கைரனேயில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன மாதம் அவள் சொன்ன ஒரு பெரிய செய்தியைத் திரும்பச் சொன்னபோது நான் முதல் தடவை கேட்கிற மாதிரி வாயைப் பிளந்தேன். அவளுக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு. அன்றைக்கு நான்தான் பாயசம் வைத்தேனாம். "அம்மா, நீ ஜோக் அடிக்கல இல்ல?" என்றாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நூலகத்தில் போட்ட பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

குடும்ப டாக்டர் வயசு, டென்ஷன் என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதினார். தீபா விடவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் மராத்திப் பெண்மணி. எங்களோடு ஹிந்தியில் பேசினார்.

ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, இருபது நிமிடம் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திரும்பச் சொல்லச் சொன்னார். நேராகவும் சொன்னேன், தலைகீழாகவும் சொன்னேன். கடிகாரம் வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தேன். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) முடிவிலும் குறை ஒன்றும் இல்லை. உங்கள் ஞாபகம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

தீபாவின் முகம் மலர்ந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், இருபது நிமிஷத்துல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இருபது நாள் கழிச்சு ஃபோன் பண்ணி அந்த அஞ்சு வார்த்தையையும் கேளுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு, பட்டியலை நீட்டினேன். இந்த நோயோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பரிசோதனை அறையில் நன்றாகத் தேறிவிட்டால் அதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அவர்கள் அளப்பது நிமிடங்களை. நீங்கள் தொலைப்பது வாரங்களாக இருக்கலாம்.

டாக்டர் பட்டியலை வெகுநேரம் பார்த்தார். பிறகு இவரிடம் திரும்பி, தூங்கி எழும்போது ஏதாவது வித்தியாசமாக நடந்துகொள்கிறார்களா என்று கேட்டார். இவர் தயங்கினார். "சில நாள் எழுந்ததும் ஒரே கேள்வியக் கேட்டுண்டே இருப்பா. இன்னிக்கு என்ன கிழமை, பால் வந்துதா. பதில் சொன்னா, ரெண்டு நிமிஷத்துல மறுபடி அதே கேள்வி. ஒரு அரைமணி நேரம். ஆனா போர்வையெல்லாம் ஒழுங்கா மடிச்சு வைப்பா. அரைத் தூக்கம்னு நெனச்சுட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி நடந்ததே எனக்குத் தெரியாது.

"விசித்திரமான வாசனை, ருசி ஏதாவது தோன்றுமா?" என்று என்னைக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. எதிர்வீட்டுக் கருவாட்டு நாத்தம் மட்டும்தான். அது வேற விஷயம்" என்றேன்.

"டாக்டர்," என்றார் இவர் மெதுவாக, "அந்த வாசனை எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வாசனை வீட்டில் மட்டும்தானா, வேறு எங்காவதும் வந்ததா என்று கேட்டார்.

"போன மாசம் தீபா ஆத்துல தங்கினப்போகூட வந்துது. அவ பக்கத்து வீட்லயும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன்.

செம்பூரிலும் அதே நாற்றம். கோபர்கைரனேயிலும் அதே நாற்றம். அதே ஐந்தரை மணி. கொலை விழுந்த இடத்திலெல்லாம் இருந்த ஒரே ஆள் நான்தான். இருநூறு நாவல் படித்தவளுக்கு இது தெரியவில்லை. "அம்மா..." என்று தீபா என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். புஷ்பம் கூட்டத்தில் எழுந்து நின்ற நிற்பு கண் முன்னால் வந்தது.

முதல் ஈ.ஈ.ஜி.யில் (மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் பரிசோதனை) எதுவும் தெரியவில்லை. தூங்காமல் வரச் சொல்லி, அங்கேயே தூங்க வைத்து, இரண்டாம் தடவை எடுத்தார்கள். அதில் பிடிபட்டது. காதுக்கு உட்புறம், நெற்றிப்பொட்டுப் பகுதியில், தூக்கத்தில் சின்னச் சின்னதாக மின்னல்வெட்டு மாதிரி பாய்ச்சல்.

டாக்டர் பெயரைச் சொன்னார்: டிரான்சியன்ட் எபிலெப்டிக் அம்னீசியா (வலிப்பினால் வந்துபோகும் மறதி). கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. விழிக்கிற நேரத்தில் மூளையின் ஓர் ஓரத்தில் சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போகும். வரும்போது சிலருக்கு இல்லாத வாசனை வரும். வந்துபோன பிறகு, முந்தைய நாட்களில் சேர்த்து வைத்த நினைவுகள் அழிந்துபோகும். அக்காவுக்கு வந்தது இது இல்லை என்று அவர் சொன்னபோது இவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போனதெல்லாம் திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"இனிமேல் போகாமல் தடுக்கலாம். போனது போனதுதான்" என்றார்.

மஹாபலேஷ்வர் போனது போனதுதான். தீபாவுக்கு வைத்த பாயசமும்தான். அன்று ராத்திரி படுத்தபடி அழுதேன். கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் யார் என்று கேட்டுக்கொண்டு கிடக்கப் போவதில்லை. ஆனால் மாத்திரை கேட்கிறதா என்று தெரியும்வரை எதையும் நம்ப முடியாது. அதுதான் பெரிய சித்திரவதை.

காலையும் மாலையும் ஒரு வலிப்பு மாத்திரை. கொஞ்சம் கோபம் அதிகமாகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். "அது எப்படித் தெரியும் டாக்டர்?" என்று இவர் கேட்டார். நான் முறைத்ததில் டாக்டரே சிரித்துவிட்டார்.

இவர் சமையலறைக் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தார். தாக்கம் வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம். மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் ஒரு வட்டம். அப்புறம் வட்டமே இல்லை. எனக்கு ஒரு குறிப்பேடு வாங்கித் தந்தார். பால் வந்தது, மாத்திரை போட்டது, தீபா ஃபோனில் என்ன சொன்னாள், எல்லாம் எழுதினேன். ஆனாலும் ஒவ்வொரு காலையும் கண்ணைத் திறக்குமுன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். மூக்கைத் திறக்கப் பயம். நல்ல காபி வாசனைகூட ஒரு கணம் திடுக்கிட வைக்கும்.

டாக்டர் வீட்டிலேயே செய்யச் சொல்லி ஒரு பரீட்சை வைத்தார். இதுவரை படிக்காத ஒரு நாவலைப் படித்து முடிக்க வேண்டும். மூன்று வாரம் அதைத் தொடக் கூடாது. பிறகு கொலையாளி யார் என்று சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் எழுதி வைக்கக் கூடாது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் இவர். அட்டையில் பூனை இருக்கிறதா என்று பார்த்து எடுத்தாராம். கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி சாமி அலமாரியில் வைத்துவிட்டார். நான் இரண்டு நாளில் படித்து முடித்தேன். அந்த மூன்று வாரமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பெயர் இருக்கிறதா என்று உள்ளே துழாவிப் பார்க்க ஆசையாக இருக்கும். துழாவினால் ஏமாற்று வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசி நாள் காலை காபிக்கு அப்புறம் இவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தத் துண்டுக் காகிதம்.

"சொல்லு."

நூலகம், மழை, புத்தக ஏலம். செத்தவர் மேயர். அதுவரை வந்தது. அப்புறம் வெறுமை. இவர் முகம் சுருங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். "இருங்கோ, அவசரப்படுத்தாதீங்கோ" என்று சீறினேன். கண்ணை மூடினேன். கேக்கை நோக்கிக் கைநீட்டும் ஒரு பெண். கையில் கையுறை.

"ரொட்டிக் கடைக்காரி. கையுறைய ராத்திரியும் கழட்டாதவ. அவதான்."

இவர் காகிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "அவதான்டி, அவளேதான்!" என்று கத்திவிட்டு, சிறுபிள்ளை மாதிரி தேம்பினார். தீபாவுக்கு ஃபோன் போட்டு, "ரொட்டிக் கடைக்காரிடீ!" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கு உடம்பு தேறிவிட்டது. இனி என்னை நானே நம்பலாம். அந்தத் தெம்பில், இத்தனை நாள் மனதை அரித்துக்கொண்டிருந்த வேலையை அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். புஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நியாயம்தானே. டப்பா நிறைய நேந்திரங்காய் வறுவலோடு போய் மணி அடித்தேன்.

கதவைப் பாதி திறந்தாள். "என்ன மாமி?"

"புஷ்பம், நோக்கு நான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். எப்பவோ வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும்..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "திரும்பவுமா?" என்றாள்.

"என்ன திரும்பவும்?"

உள்ளே போனாள். ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். அதன் பக்கவாட்டில், புள்ளி புள்ளியாக, ‘வத்சலா ராமநாதன், செம்பூர்’ என்று பெயர் வெட்டியிருந்தது. என் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கிய டப்பா. "போன மட்டம் இதுலதான் வறுவல் கொண்டாந்திய. டப்பாவ வாங்கிட்டுப் போகவே இல்ல. இங்கயேதான் கெடக்கு" என்றாள்.

நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் குரல் மாறியது. "மாமி, நெசமாவே ஞாபகம் இல்லியா?" என்று தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"ஒரு செவ்வாக்கெழம வந்திய. இதே ஸ்டூல்லதான் உக்காந்திய. மாத்திரச் சீட்டக் காட்டுனிய. அந்த நாத்தம் என் மண்டைக்குள்ள இருந்துதான் வந்துச்சு புஷ்பம்னு அழுதிய. உங்க அக்காவப் பத்தியும் சொன்னிய. இந்த மாமி யாருன்னு அவங்க கேட்டாங்களாமே." என் கையிலிருந்த டப்பாவை வாங்கி மேடையில் வைத்தாள். "அம்புட்டும் சொல்லிட்டு, மறுநாள் படியில பாத்தா யாரோ மாதிரி தலையக் குனிஞ்சிட்டுப் போறிய. எனக்கு எப்பிடி எரிஞ்சிருக்கும்?"

அக்காவின் அந்தக் கேள்வியை நான் இவரிடம்கூடச் சொன்னதில்லை. இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய். காலண்டரில் இருக்கும் கடைசிச் சிவப்பு வட்டம் அதற்கு அடுத்த நாள், புதன். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் அந்தச் செவ்வாயைப் புரட்டிப் பார்த்தேன். பால், மாத்திரை, கேஸ் சிலிண்டர் பதிவு செய்தது, எல்லாம் இருந்தன. புஷ்பம் வீட்டுக்குப் போனது இல்லை. வெட்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்த நோய்க்காகக் குறிப்பேடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வெட்கமாக இருப்பதை முதலில் எழுதுங்கள். பாலை மற்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு பார்த்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "புஷ்பம், ஆத்துல கருவாடு இருக்கா? கொஞ்சம் காட்டேன்" என்றேன். பிறந்ததிலிருந்து சைவம். கருவாட்டைக் கையெட்டும் தூரத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. தெரியாத ஒரு நாற்றத்துக்குத் தெரியாத ஒரு பண்டத்தின் பேரை வைத்துவிட்டேன்.

அவள் ஒரு வினாடி என்னையே பார்த்தாள். அப்புறம் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். காய்ந்த நெத்திலி. குனிந்து மோந்தேன். உப்பு. வெயில். மீன்தான், எனக்குப் பிடிக்காத வாசனைதான். ஆனால் கருகல் இல்லை, அழுகல் இல்லை, குமட்டல் இல்லை.

"இது இல்லடீ. அந்த நாத்தம் இது இல்லவே இல்ல" என்றேன்.

"போன மட்டமும் இதத்தான் கேட்டிய. இதேதான் சொன்னிய" என்றாள் புஷ்பம்.

"அப்புறம்? அப்புறம் என்ன சொன்னேன்?"

டப்பாவை மூடி, மேலே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே கமிட்டிக்கு எழுதிக் குடுத்து அந்தப் புகார வாபஸ் வாங்கிடுதேன்னு சொன்னிய. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஓனர் பதினோரு மாச வாடகை எக்ரிமெண்ட இனிமே புதுசு பண்ண மாட்டேன்னுட்டாரு. இந்த மாசத்தோட காலி பண்ணணும்."

ரொட்டிக் கடைக்காரியின் பெயரை மூன்று வாரம் பத்திரமாக வைத்திருந்தேன் என்று வீடே கொண்டாடியது. இவளுக்குக் கொடுத்த வாக்கை வைத்திருக்கவில்லை. எனக்கு உள்ளே நடந்த ஒரு மின்னல்வெட்டில் இவள் வீடு போகப் பார்க்கிறது.

"பேப்பர் இருக்கா?" என்றேன். அவள் பெண்ணின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். புகார் என்னுடைய நோயினால் எழுதப்பட்டது, அந்த வாசனை எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை, இந்தக் குடும்பத்திடமும் கமிட்டியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், வீட்டுச் சொந்தக்காரருக்கும் நானே நேரில் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு வரி. புகார் இரண்டு பக்கம் இருந்தது.

புஷ்பம் தாளை வாங்கப் போனாள். நான் கொடுக்கவில்லை.

"நீயும் வா. ரெண்டாம் மாடில செக்ரட்டரி இருப்பார். சேந்து போய்க் குடுத்துட்டு வந்துடலாம்."

"இப்பமேவா?" என்று அடுப்பைப் பார்த்தாள். "கொழம்பு கொதிக்கி மாமி. நீங்க வேற ஒரு மாதிரி இருக்கிய. நல்லாத் தூங்கி எந்திரிங்க. நாளைக்குக் காலைல போவோம்."

தூங்கி எழுந்திருப்பது. நாளைக்குக் காலை. மற்றவர்களுக்கு இவை எவ்வளவு சாதாரணமான சொற்கள்! காலண்டரில் வட்டம் விழுந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. டாக்டர் நம்புகிறார், இவர் நம்புகிறார். எனக்குத்தான் தூக்கத்துக்கு அந்தப் பக்கம் எதையும் அனுப்பி வைக்கத் தைரியம் வரவில்லை.

"நாளைக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டேனேடி," என்று எழுந்தேன். "அடுப்ப அணைச்சுட்டு வா."